மூன்றாவது முளை

என் பெயர் கொளஞ்சியம்மாள். வயது எழுபத்து மூன்று. பெற்றது மூன்று. தங்கச்சி போனபின் அவள் பிள்ளைகள் இரண்டு. ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற மனிதருக்கு அது கடைசிவரை தெரியாது.

ஊரில் அவரைக் கம்பத்துக்காரர் என்பார்கள். எங்கள் ஊர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, பருத்திக் கொல்லைகளுக்கும் மக்காச்சோளக் கொல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறது. அவர் எங்கோ வடக்கே தந்தி ஆபீசில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். வந்த வருஷமே வீட்டை ஒட்டி ஒரு கம்பம் நட்டார். இரும்புக் குழாயை ஒன்றுக்குள் ஒன்று சொருகி நாற்பதடி உயரம். உச்சியில் அலுமினியக் குச்சிகளைக் கெளுத்தி மீன் முள்ளைப் போலக் கட்டியிருந்தார். ஹாம் ரேடியோ என்று அதற்குப் பெயர். ஜன்னலோரம் உட்கார்ந்து மைக்கில் பேசினால் ஜப்பானில் கேட்கும், ரஷ்யாவில் கேட்கும் என்றார்கள். கேட்டதும் உண்மைதான். அங்கிருந்து பேசுகிறவர்களின் கரகரப்பு என் வீட்டு அடுப்படிவரை வரும்.

நல்ல குரல் அவருக்கு. அதிர்ந்து பேசமாட்டார். முகம் தெரியாத யாரோ ஒருவனிடம், உங்கள் ஊரில் குளிர் எப்படி, உங்களுக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று அத்தனை அக்கறையாகக் கேட்பார். இங்கிலீஷில்தான் பேசுவார். தெருவில் வருகிறவர்களிடம் அதைத் தமிழில் சொல்லியும் காட்டுவார், அதனால்தான் எனக்குத் தெரியும். அந்த ஆளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். தன் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவார். ஒரு எழுத்து தப்பாகக் காதில் விழுந்தால் மறுபடி, மறுபடி. பொறுமைசாலி. அப்படி நோட்டு நோட்டாகப் பெயர் எழுதி வைத்திருந்த மனிதர், நடுவில் ஒரு முள்வேலி மட்டும் இருந்த என்னைக் கூப்பிட்டதெல்லாம் "ஏம்மா" என்றுதான்.

என் மனை அவர் வீட்டுக்கு மேற்கே. மூன்று சென்ட். என் தகப்பன், தாத்தன், யாருக்கும் காலூன்றச் சொந்தமாக ஒரு பிடி மண் இருந்ததில்லை. இந்த மூன்று சென்ட்டும் சர்க்கார் என் பெயருக்கே பட்டா எழுதிக் கொடுத்தது. கையெழுத்துப் போட ஒரு மாதம் பழகிக்கொண்டு போய்ப் போட்டேன்.

கம்பம் நட்ட அன்று நான் பருத்தி எடுக்கப் போயிருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தால் என் கொல்லைப்புறத்தில் வேலி விலகியிருக்கிறது. உள்ளே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, ஒரு கனத்த இரும்பு ஆங்கிள் சாய்வாக அடித்து இறக்கப்பட்டு, சுற்றிக் கொஞ்சம் கான்கிரீட் கொட்டியிருக்கிறது. கம்பத்தின் தோளிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி இறங்கி வந்து அதில் முடிகிறது. கரண்டு கம்பத்துக்கு ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுவார்களே, அதுபோல மூன்று. இரண்டுக்கு முளை அவர் இடத்தில். மூன்றாவதற்கு என் இடத்தில்.

போய்க் கேட்டேன்.

"காத்துக்கு மூணு பக்கமும் பிடிமானம் வேணும்மா. கோணம் அப்படி வருது. ஒரு முளைதானே, உனக்கு என்ன இடைஞ்சல்?" என்றார். சிரித்த முகம். அன்று கம்பத்தைப் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். அவர் வீட்டம்மா எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார். அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்குப் பேப்பர் கப். நான் வருவேன் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது அந்தக் கப்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. குடித்துவிட்டு வந்தேன். அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அதன்பிறகு காலையில் அவருக்கு அது ஒரு பூசை. விடிந்ததும் வேலியை விலக்கிக்கொண்டு என் இடத்துக்குள் வருவார். கனைக்கமாட்டார், குரல் கொடுக்கமாட்டார். நான் கீற்று மறைப்புக்குள் குளித்துக்கொண்டிருந்தாலும் வருவார். முளைக்கு மேலே கம்பியைக் கட்டைவிரலால் சுண்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். ங்ங்ங் என்று அது பாடும். பாட்டில் சுருதி குறைந்திருந்தால், முளைக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற இரும்புத் திருகை இரண்டு சுற்று சுற்றி இறுக்குவார். போய்விடுவார்.

"உள்ள வர்றப்ப ஒரு சத்தம் குடுங்க சார். பொம்பளைங்க இருக்கற எடம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"நான் கம்பியத்தாம்மா பாக்க வரேன், உன்னையா பாக்க வரேன்?" என்றார். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே அவர் கண்ணில் நான் பட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வருகிறவர்களிடம் அவர் தவறாமல் சொல்லும் ஒரு பேச்சு உண்டு. "இந்தக் கம்பம் தன் பலத்துல நிக்கலைங்க. மூணு கம்பியோட பலத்துல நிக்குது." காலேஜ் பிள்ளைகள் வந்தால் இதைச் சொல்லி, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டுவார். மூன்றாவது கம்பியைக் காட்டும்போது கை என் கொல்லைப்புறத்தின் பக்கம் நீளும். அந்தப் பிள்ளைகளில் ஒன்றாவது, அது யார் இடம் என்று கேட்டதில்லை.

இப்படிப் பத்து வருஷம் ஓடியது. இதோடு போயிருந்தால் இன்று நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன்.

என் கடைக்குட்டியை அரியலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தேன். சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. கொஞ்சம் வசதியான இடம். அவளுக்கு நாள் தள்ளிப்போனது என்று செய்தி வந்ததும் முதலில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: தலைப்பிரசவம் தாய் வீட்டில். மற்ற நாலு பேருக்கும் எப்படியெப்படியோ செய்தேன். இவளுக்குக் குறையில்லாமல் செய்யவேண்டும். என் வீட்டில் கக்கூஸ் கிடையாது. அப்போது சர்க்கார் திட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அளக்க வந்த ஆள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தெற்கே குடிதண்ணீர் அடிபம்பு, அதன் பக்கத்தில் குழி எடுக்கக் கூடாது. முன்பக்கம் வீடு. மிச்சம் கிழக்கு மூலை.

"இந்த முளைய எடுத்துடுங்கம்மா, நாளைக்கே குழி தோண்டலாம்" என்றார்.

கம்பத்துக்காரரிடம் போனேன். ஜன்னலில் மைக்கோடு இருந்தார். கையால் இரு என்று காட்டினார். வெயிலில் நின்றேன். அரிசி வெந்து கஞ்சி வடிக்கிற நேரம் நின்றேன். பேசி முடித்துத் திரும்பியபோது முகமெல்லாம் மலர்ச்சி.

"ஜப்பான்ல நம்ம சிநேகிதர் ஒருத்தருக்குப் பேத்தி பொறந்திருக்காம்மா! பாவம், ரொம்ப நாளா ஏங்கிட்டிருந்தாரு."

"எம்பொண்ணும் மாசமா இருக்குதுங்க சார். தாய்வூட்டுக்கு வரப்போவுது. அதுக்குள்ள ஒரு கக்கூஸ் கட்டணும். அந்த முளைய உங்க எடத்துக்கு மாத்திக்கிட்டா…"

"நல்லது, நல்லது. ஆனா முளைய நகர்த்தினா கோணம் போயிடும்மா. இப்ப ஆடிக் காத்து வேற. ஆடி போவட்டும்."

ஆடி போனது. "புயல் மழை வர்ற காலம்மா, இப்பப் போயி கை வெக்கலாமா?" என்றார். அடுத்தமுறை, வெளிநாட்டுக்காரர்களோடு ஏதோ ரேடியோ போட்டி நடக்கிறது, அது முடியட்டும் என்றார். ஒருமுறைகூட முடியாது என்று சொன்னதில்லை. முடியாது என்று சொன்னால் சண்டை போடலாம். இந்த மனிதர் சிரித்துக்கொண்டே தள்ளினார்.

ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு மகளை அழைத்து வந்தேன். பத்து நாள் இருந்தாள். பதினோராம் நாள் அவள் மாமியார் பார்க்க வந்தார். வந்த நேரம், மகள் கையில் சொம்போடு மக்காச்சோளக் கொல்லையிலிருந்து வரப்பில் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தாள். முந்தின ராத்திரி மழை. கரிசல் சேறு கணுக்கால்வரை அப்பியிருந்தது.

"என்னாங்க சம்மந்தி இது? வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு சோளக்கொல்லைக்கா போவுது? பாம்பு கெடக்கற எடம், வழுக்கற எடம். எங்க வூட்ல எல்லா வசதியும் இருக்கு. நாங்களே பாத்துக்கறோம்."

"நான் இங்கியே இருந்துக்கறேன் அத்தை" என்றாள் மகள்.

"ஒனக்குத் தெரியாது, கெளம்பு."

அந்த அம்மா சொன்னதில் என்ன தப்பு? போட்ட வளையல்கள் குலுங்க என் மகள் ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ திரும்பும்போது பார்க்கிறேன், கம்பத்துக்காரர் முளையடியில் நின்று கம்பியைச் சுண்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழியில் அரியலூர் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். பார்வையாளர் நேரத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று, விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளை நாக்கில் சேனை தொட்டு வைத்தது சம்மந்தியம்மா. பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் ஐம்பது வருஷம் ஆடு கட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் மண் கரிசல். சித்திரையில் கடப்பாரை இறங்காது, கல். அவர் முளை அடித்தது சித்திரையில். இனி இதை யாரும் அசைக்க முடியாது என்று நம்பிவிட்டார். இந்த மண்ணில் பிறந்தும் வெளியூரில் சம்பளம் வாங்கியவர், அவருக்குத் தெரிய நியாயமில்லை. கரிசல் காய்ந்தால் வெடித்து வாய் பிளக்கும், நனைந்தால் உப்பிப் பிடியை விடும். ஈரக் கரிசலில் முளையடித்து ஆட்டைக் கட்டிவிட்டு எங்கள் பக்கம் எந்தப் பொம்பளையும் வீட்டுக்குப் போகமாட்டாள்.

இன்னொன்றும் தெரியும். ஆடியில் வீசுவது மேல்காற்று. மேற்கிலிருந்து தள்ளும். அப்போது கம்பம் கிழக்கே சாயப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது மேற்கே இருக்கிற என் முளை ஒன்றுதான். மற்ற இரண்டும் அந்த நேரத்துக்கு வெறும் கயிறு. அந்த நாற்பதடி இரும்பு, அதன் நிழலில் இருந்த அவருடைய ஓட்டு வீடு, எல்லாம் என் மூன்று சென்ட்டின் தயவில் நின்றன.

தையில் முளையடியில் நான்கு சுரை விதை ஊன்றினேன். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அங்கே போகிற மாதிரி மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் இழுத்தேன். சுரைக்குத் தண்ணீர் விடுகிற பொம்பளையை யார் என்ன கேட்பது? கொடி கம்பியைப் பிடித்து ஏறியது.

"அட, பசுமையா இருக்கேம்மா!" என்றார் அவர்.

"காய்ச்சா உங்களுக்கும் தரேங்க சார்."

கொடுத்தேன். பங்குனியில் முதல் காய் அவருக்குத்தான். "கூட்டு வெச்சோம்மா, என்னா இளசு!" என்று மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். இன்னும் இரண்டு கொடுத்தேன்.

முளை தளரத் தளரக் கம்பி தொய்ந்தது. அவர் திருகை இறுக்கினார். மறுவாரம் மறுபடி. திருகில் மரை எத்தனை மிச்சம் என்று நானும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வைகாசிக்கெல்லாம் மரை தீர்ந்துவிட்டது. அதன்பின் ஒரு கருங்கல்லை உருட்டி வந்து முளைத் தலையில் சாய்த்து வைத்தார். நான் அன்று சாயங்காலமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம், மத்தியானம். காற்று காலையிலிருந்தே புழுதியை வாரியடித்தது. கம்பி பாடவில்லை, முனகியது. பார்க்கிறேன், முளை ஆடுகிறது. ஆடுகிற பல் மாதிரி. அவர் வீட்டம்மா கம்பத்துக்குப் பக்கத்தில் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கொடுத்த பேப்பர் கப் எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "அம்மா, தள்ளி ஓடுங்க! கம்பம் வருது! தள்ளி ஓடுங்க!" அந்த அம்மா மிளகாயைப் போட்டுவிட்டுத் தள்ளி ஓடினார். உயிர்ப்பழி எனக்கு வேண்டாம்.

கத்தலைக் கேட்டுக் கம்பத்துக்காரர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு என் இடத்துக்குள் பாய்ந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து தொங்கினார். நாற்பதடி இரும்பை ஒரு மனிதன் பிடிக்க முடியுமா?

"ஏம்மா! புடிம்மா! அந்தக் கல்லத் தூக்கி முளை மேல போடும்மா!"

நான் சுரைக்கொடிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"யாரைக் கூப்புடுறீங்க சார்?"

"உன்னத்தாம்மா! வாம்மா!"

"எனக்கு ஒரு பேரு இருக்குங்க. அதச் சொல்லிக் கூப்புடுங்க, ஓடியாறேன்."

காற்று அடிக்கிறது. அவர் என்னைப் பார்க்கிறார். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்க்கிறார். வாய் திறந்தது. ஒரு எழுத்தாவது வருமா என்று நானும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாயில் "கொ" என்று வந்திருந்தால்கூட ஓடிப்போய் அந்தக் கல்லைத் தூக்கியிருப்பேன். வரவில்லை. இல்லாதது எங்கிருந்து வரும்?

முளை சுரை வேரோடு கழன்று வந்தது. கம்பி அவர் உள்ளங்கைகளை உரித்துக்கொண்டு ஓடியது. கம்பம் அவசரப்படாமல் கிழக்கே சாய்ந்தது. ஓடுகள் நொறுங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. மீன் முள் அவர் வீட்டுத் திண்ணை மேல் கிடந்தது. வீட்டம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவர் சேற்றில் உட்கார்ந்து கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய்க்கால்ல தண்ணி ஓடுதுங்க சார், கழுவிக்குங்க" என்றேன். அப்போதுதான் அந்த வாய்க்காலை அவர் பார்த்தார். அது எங்கிருந்து வருகிறது, எங்கே போய் முடிகிறது என்று பார்வையாலேயே நடந்து போய்ப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரியும். தெரியவேண்டும் என்றுதான் செய்தேன்.

ஆவணியில் அந்த இடத்தில் குழி தோண்டினோம். கக்கூஸ் கதவுக்கு ஒரு நிலைக்கால் தேவைப்பட்டது. அந்த ஆங்கிளையே நட்டுக் கதவை மாட்டினேன், இம்முறை ஆழமாக, ஜல்லி போட்டு. இன்றைக்கும் அசையாது. மகளின் இரண்டாவது பிரசவம் இங்கேதான் நடந்தது. ஆனால் தலைப்பிரசவம் ஒரு தடவைதான் வரும்.

கம்பம் மறுபடி எழவில்லை. மேற்கே பிடித்துக் கட்ட அவருக்கு மண் இல்லை. இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு கம்பியைக் கட்டிப் பேசிப் பார்த்தார். தூரத்துக் குரல்கள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஜன்னலில் சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டு வருஷம் கழித்து, திருச்சியில் மகன் வீட்டுக்குக் குடிபோகிறார்கள் என்றார்கள்.

போகிற அன்று காலையில் என் வாசலில் ஒரு குரல்.

"வூட்ல யாருங்க?"

அவர்தான். வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். நான் உள்ளே அடுப்பில் சோறு வைத்திருந்தேன். வெந்து கஞ்சி வடிக்கும்வரை நிற்கட்டும் என்று விட்டேன். நின்றார். பிறகு வெளியே போய், உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தேன். பேப்பர் கப்பில். அவர் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டதுமே டீக்கடையில் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கப்பைப் பார்த்தார். தழும்பு விழுந்த கைகளால் வாங்கி முழுதும் குடித்தார்.

"உன் பேரு என்னம்மா?" என்றார்.

"இப்ப எதுக்குங்க சார்?" என்றேன்.

தலையாட்டினார். கப்பைக் கசக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார். மறுவருஷம் திருச்சியில் தவறிவிட்டார் என்று தகவல் வந்தது. ஆடிக் காற்று அடிக்கும்போது சில நாள் அந்த ங்ங்ங் என்ற சத்தம் வருகிறதா என்று காது தானாகத் தேடும். பதினொரு வருஷப் பழக்கம், வேறொன்றும் இல்லை. நான் மனசு இளகிவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். அரியலூர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள் இவள்தான். லீவுக்கு வந்திருக்கிறாள்.

"அம்மாயி, எல்லாம் சொன்ன. அவரு பேரு மட்டும் சொல்லவே இல்லியே? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? இனிஷியலோட தெரியும். பதினோரு வருஷம் ஜன்னல்ல எழுத்து எழுத்தா சொன்னாரே, ஒரு எழுத்து பெசகாம அப்படியே சொல்லுவேன்."

"அப்ப சொல்லு, எழுதறேன்."

"எழுதாத. அந்த எடத்த அப்படியே வுட்டுடு. இப்பத் திருப்பிப் படி கண்ணு, கேக்கறேன். சத்தமா படி. என் பேருலேருந்து படி."